அரைப்புள்ளி

செக்காலை ரோட்டு ரத்த வங்கியில்
எனக்கு இரவு ஷிப்ட்.
நாலு டிகிரியில் குளிர்பெட்டி முனகும்.
யாரும் வராத ஒன்றரை மணிக்கு
பழைய பதிவேட்டைத் திருப்பிப் போட்டு
பின்பக்கத்திலிருந்து நாவல் எழுதுகிறேன்.

காதில் ஈப்போ ஞானதிரவியம்.
கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.
லாரி ஓட்டிக்கொண்டே கிதார் பழகியவர்.
மொத்தம் இரண்டு கேசட்,
இரண்டாவதில் பாதி இருமல்.
முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய கடையில்
எனாமல் தூக்குவாளிக்குள் கிடந்தது முதலாவது.
தூக்குவாளிக்குத்தான் காசு கொடுத்தேன்.

அதில் ஒரு வரி:
"விளக்கணைஞ்ச வீட்டுக்குள்ள வந்து
உன் கழுத்தோரம் ரத்தம் கேட்டேன்."

அந்த வரியிலிருந்துதான்
சாத்தப்பன் எழுந்து வந்தான்.
முப்பத்தெட்டில் மோல்மேனில் கப்பல் ஏறியவன்
நாகப்பட்டினத்தில் இறங்கும்போது
நாடி இல்லாமல் இறங்கினான்.

பள்ளத்தூர் வீட்டுக்கு நாற்பத்தொரு பங்காளி,
நாற்பத்தொரு சாவி.
விற்பதென்றால் எல்லோரும் கையெழுத்துப் போடணும்.
நாற்பது பேர் ரெடி.
சாகாதவனுக்கு வாரிசு ஏது என்று
வக்கீல் தலையைச் சொறிகிறார், மூன்றாம் அத்தியாயம் முழுக்க.

கோயில் வரி எழுதும் கணக்கப்பிள்ளைக்கும் குழப்பம்.
தம்பதி என்றால் ஒரு புள்ளி.
துணை போனவர் அரைப்புள்ளி.
தானே போயும் போகாதவனை
என்னவென்று எழுத?
அரை என்றே எழுதினார்.
முற்றுப்புள்ளி விழாத ஆளுக்கு
வேறென்ன போடுவது.

அழைக்காமல் இந்த இனம் வாசல் தாண்டாதாம்.
எங்கோ படித்தேன்.
மீட்டர் பார்க்க வருகிறவரையும்
"வாங்க, வாங்க" என்கிற ஊரில்
அது ஒரு தடையா?
எல்லா வீட்டுக்குள்ளும் போனான்.
கந்தரப்பம் வைத்தார்கள், தொடவில்லை.
"சுகர் போலிருக்கு" என்று
அவர்களே சொல்லி எடுத்து வைத்தார்கள்.
பெல்ஜியம் கண்ணாடியில் அவன் விழவில்லை.
ரசம் போய்விட்டதென்று
கண்ணாடிக்குத்தான் திட்டு.

இருநூற்றுப் பதினான்காம் பக்கம்.
இரண்டாம் கட்டில் உமையாள் தூங்குகிறாள்.
கழுத்தில் கொசுக்கடித் தழும்பு ஒன்று.
அதற்குப் பக்கத்தில் அவன் பல்.

அன்றைக்கு என்று பார்த்து
தைப்பிங்கிலிருந்து ஒருவர்
கேசட் அட்டையைப் படமெடுத்து அனுப்பினார்.
பாட்டு வரிகள், பொடி எழுத்தில்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
உன் கழுத்தோரம்
சத்தம் கேட்டேன்.

சத்தம்.
மூன்று வருஷம்!
நாடா தேய்ந்த இடத்தில்
ஒரே ஒரு எழுத்து செத்திருக்கிறது.
"கேட்டேன்" மட்டும் அப்படியே இருக்கிறது.
அதே சொல்தான்,
கை நீட்டியவன் காது நீட்டியவன் ஆகிவிட்டான்.
கோபத்தில் பேனாவை எறிந்தேன்,
அது ஓ நெகட்டிவ் தட்டுக்கு அடியில் போய்ப் படுத்தது.

மூன்று மணிக்குக் குன்றக்குடி ரோட்டில் விபத்து.
அண்ணனுக்கு ரத்தம் கொடுக்க ஒரு பையன் வந்தான்,
சட்டையில் இன்னும் தார்.
முழங்கை மடிப்பில் நரம்பு தேடினேன்.
விரலுக்கடியில் அது ஓடியது, தறிகெட்டு,
பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரி.
எத்தனை கை பிடித்திருப்பேன்,
ஒருநாளும் நின்று கேட்டதில்லை.
கழுத்தில் தொங்கிய இயர்போனில்
ஞானதிரவியம் இருமிக்கொண்டிருந்தார்.
"யாருண்ணே பாடுறது?" என்றான்.
ஊசி ஏறியதை அவன் கவனிக்கவில்லை.

பை நிறைந்தது. லேபிள் ஒட்டினேன்.
பேனாவைக் குனிந்து எடுத்தேன்.

பல்லை எடுக்கிறான் சாத்தப்பன்.
பள்ளத்தூரில் கரண்ட் இல்லை.
உமையாள் தூக்கத்திலேயே
"யாரு?" என்கிறாள்.
அவன் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி,
எண்பது வருஷமாய் உள்ளே எதுவும் அடிக்காதவன்,
அவள் கழுத்தில்
காதை வைத்தான்;